ஒன்பதாவது படம்

மலாக்கா காஜா பெராங்கில் அம்மியை வைத்தே ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கியவள் அஞ்சலையக்கா. விடிந்ததும் மிளகாய், மல்லி, மஞ்சள் என்று தனித்தனியாக அரைப்பாள். உருண்டை உருண்டையாக வாழை இலையில் வைத்து, தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பல தலைமுறை முன்னால் குடியேறிய செட்டிமார் வீடுகளில் சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய்ப் பேச்சு. அங்கே "ரெம்பா! ரெம்பா!" என்று கூவுவாள். தமிழ் வீட்டு வாசலில் "மசாலா" என்பாள். மீனுக்கு ஒரு சேர்மானம், கோழிக்கு ஒரு சேர்மானம். எந்த வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று சமைக்கிறவளுக்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

என் அம்மாவைப் பெற்றவளும் அக்காவின் அம்மாவைப் பெற்றவளும் கூடப் பிறந்தவர்கள். அந்த வழியில் அவள் எனக்குப் பெரியம்மா மகள். என் தங்கை மல்லிகாவுக்கு நாலு வயதாகும்போது எங்கள் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு மல்லிகாவுக்குத் தலை வாரிப் பின்னியது அக்காதான். மஞ்சள் படிந்த விரல்கள், மல்லிகாவின் நெற்றி ஓரமெல்லாம் மஞ்சளாக இருக்கும்.

அக்காவின் வீட்டுக்காரரை ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. செத்ததைப் பார்த்தவரும் இல்லை. சண்டை முடிந்து நாலு வருஷம் அக்கா தாலியோடு காத்திருந்தாள். கடைசியில் உறவுக்காரர்கள் கூடிப் பேசி, தலையில் தண்ணீர் ஊற்றிக் கழற்ற வைத்தார்கள். பொட்டும் பூவும் போயின. வாய் மட்டும் போகவில்லை. "பாய், மிளகாய்ல இருந்த காரத்த நீங்களே தின்னுட்டு வெறுந்தோலத்தான் விக்கிறீங்களா?" என்று இப்ராஹீம் கடை வாசலில் அவள் கேட்டால் தெருவே சிரிக்கும்.

அப்படிப்பட்டவளை ஆறு வருஷம் வாய் மூடி உட்கார வைத்தது நான்தான். அதைத்தான் எழுதப்போகிறேன்.

அப்போது நான் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் தோட்ட வேலை பார்த்தேன். நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்றதும் துரை குடும்பம் மூட்டை கட்டியது. துரையம்மா போகும்போது தன் பெட்டி கேமராவை எனக்குக் கொடுத்தாள். கறுப்புப் பெட்டி, பக்கத்தில் ஒரு விசை. பின்னால் சின்னதாக ஒரு சிவப்புக் கண்ணாடி. அதற்குள் எண் தெரியும். ஒரு படம் எடுத்ததும் திருகைத் திருகி அடுத்த எண்ணுக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் ஒரு படத்தின் மேல் இன்னொன்று விழுந்துவிடும். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். எட்டு முடிந்ததும் கண்ணாடியில் எண் வராது, வெறும் தாள்தான் தெரியும். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். ஆனால் கேமரா தோளில் தொங்கினால் கம்பத்தில் என் நடையே வேறு.

அந்த ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணியில் அக்காவின் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை சேதுராமன், குருபோங்கில் மளிகைக் கடை வேலை. நல்ல பையன்தான். ஆனால் அவன் அப்பா ஒரே பிடியாக இருந்தார். "வெள்ளைக்காரனே போறான். இனி இங்க யார் குடி, யார் குடியில்லன்னு பத்திரம் கேப்பான். நாம ஊருக்கே போயிருவோம்" என்று நாகப்பட்டினம் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டார். கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் கப்பல்.

அக்கா பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தாள். அன்று மாலை என்னை அம்மியடிக்குக் கூப்பிட்டாள்.

"தியாகு, உன் பொட்டியில எத்தனை படம் விழும்?"

"எட்டுக்கா."

"ஏழு நீ யாரை வேணா எடு. ஒண்ணு எனக்கு. நானும் எம் பொண்ணும். பந்தல்ல வேணாம், அங்க நான் வரமாட்டேன். பின்னால கெணத்தடியில யாரும் பாக்காம எடுத்திரு. கப்பல் ஏறினா அவ மொகம் எனக்கு அவ்வளவுதான். ஐசி அடையாளக் கார்டுல இருக்கறத விட்டா எனக்குன்னு ஒரு படமே கெடையாதுடா."

"கடைசிப் படம் உங்களுதுதான்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் வந்தது. பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் தாங்கவில்லை. எல்லோரும் கத்துகிறார்கள், என் தோளில் கேமரா. கல்யாணத்துக்கென்று போட்டு வைத்த சுருளில் இரண்டை அங்கேயே எடுத்துவிட்டேன். இன்னும் ஆறு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவின் வீடு சின்னது. அதனால் முற்றத்துத் தென்னைகளுக்கு நடுவில் பந்தல் போட்டார்கள். பெட்டி கேமராவுக்கு வெயில் வேண்டும். கீழ்ப்பக்கத்தில் மூன்று கீற்றை எடுக்கச் சொன்னேன். மாப்பிள்ளையின் அத்தை கமலவேணி அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"மணவறையில வெயில் விழறதாவது! பொண்ணு மாப்பிள்ளைய வடகமா காயப்போடறீங்களா?"

அக்கா அடுப்படியிலிருந்தே பதில் கொடுத்தாள். "சம்மந்தியம்மா, ஊருக்குப் போயி இருட்டுப் படத்தக் காட்டினா, மலாயாவுல எல்லாரும் கறுப்புன்னு சொல்லுவாங்க. கொஞ்சம் காயட்டும் விடுங்க."

கீற்றை எடுத்தார்கள். வெயில் சரியாக மணவறையில் விழுந்தது.

கோகிலா வந்து உட்கார்ந்ததை ஒன்று எடுத்தேன். தாலி கட்டும்போது ஒன்று. அட்சதை போடுகிற கைகளுக்கு நடுவில் குனிந்து எடுத்தேன், முதுகெல்லாம் அரிசி. அக்கினியைச் சுற்றி வரும்போது ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்றதை ஒன்று. மாலையும் கழுத்துமாக இருவரையும் தனியே நிற்க வைத்து ஒன்று. கண்ணாடியில் எட்டு என்று வந்தது. அது அக்காவுக்கு. கேமராவைத் தோளில் மாட்டிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் நடந்தேன்.

பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தில் சாய்ந்துகொண்டு ஒரு பெண் நின்றாள். சேதுராமனின் சித்தப்பா மகள் ருக்மணி. பக்கத்துக் கம்பமான செங்கிலிருந்து வந்திருந்தாள்.

"மாட்டு மணியாட்டம் தோள்ல தொங்கவிட்டுக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கறீங்களே, அது நெசமா படம் எடுக்குமா, இல்ல சும்மாவா?" என்றாள்.

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. "அசையாம நில்லுங்க, தெரியும்" என்றேன். அவள் நின்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு கையால் வாழைத் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசையைத் தட்டினேன். பழக்கத்தில் உடனே திருகினேன். கண்ணாடியில் வெறும் தாள் வந்தது.

அக்காவின் படம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இப்ராஹீம் கடையில் சுருள் கிடைக்கும். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை, பாய் மூவாருக்குப் போயிருந்தார். என்ன செய்வதென்று நிற்கும்போதே கோகிலா மாலையைக் கையில் பிடித்தபடி பின்பக்கமாக ஓடி வந்தாள். "மாமா, சீக்கிரம்! அம்மா நிக்குது!"

கிணற்றடியில் அக்கா நின்றாள். புளி போட்டுத் தேய்த்துக் கையை வெளுக்க வைத்திருந்தாள். கோகிலா வாங்கிக் கொடுத்திருந்த நீலப் புடவையைப் புகை படாமல் மடித்து வைத்திருந்து, அந்த ஐந்து நிமிஷத்துக்காக மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்கடா பாக்கணும்? பொட்டியவா, ஒன்னையா?"

சுருள் முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் முடிந்தது என்று கேட்பார்கள். பந்தல் வாசலில் அத்தனை பெண்கள் பார்த்தார்களே. "பொட்டியைப் பாருங்கக்கா" என்றேன்.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோகிலா அவள் தோளில் தலையைச் சாய்த்தாள். விசையைத் தட்டினேன். டிக் என்றது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"இதுக்கா இவ்வளவு பயந்தேன்!" என்று அக்கா சிரித்தாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கமலவேணி அம்மாள் கை கழுவ வந்தாள். "தாலி ஏறி ஈரம் காயல. அதுக்குள்ள அறுத்தவளோட ஜோடியா நின்னு படமா? வெளங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோகிலாவின் முகம் சுருங்கிவிட்டது. அக்கா, "போம்மா, மாப்பிள்ளை தேடுவாரு" என்று அவளைத் தள்ளி அனுப்பினாள்.

ஆறாம் நாள் டவுனில் சீனர் ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தன. எட்டும் பழுதில்லை. மெர்டேக்கா படம் இரண்டையும் ருக்மணி படத்தையும் சட்டைப் பையில் ஒளித்தேன். மற்ற ஐந்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். ஐந்தையும் பார்த்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"எங்களுது எங்கடா?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய் அது. "அந்த ஒண்ணு கருகிப் போச்சுக்கா. கறுப்பா வந்திருச்சு."

"மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கே."

"ஆமாக்கா."

"அது மட்டுமா கருகிச்சு?"

"அது மட்டுந்தான்."

வெளிச்சம் புகுந்தது, மருந்து கெட்டது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அக்கா படங்களை அடுக்கிக் கோகிலாவிடம் கொடுத்தாள். அம்மிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அரைக்கவில்லை.

"அந்தம்மா சொன்னது சரியாப் போச்சு" என்றாள்.

"அதெல்லாம் இல்லக்கா! நாளைக்கே வேற சுருள் வாங்கி இன்னொரு படம் எடுத்துருவோம்."

"வேணாம். என் நெழல் விழுந்த எடம் கருகும்னு சாமி கண்ணுல காட்டிட்டான். அவ பூவும் பொட்டுமா இருக்கணும்."

கோகிலா அழுது பார்த்தாள். "மாமா, நீங்க சொல்லுங்க மாமா" என்று என் கையைப் பிடித்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா சொன்னா கேக்கமாட்டாங்க" என்றேன்.

கப்பல் ஏற்றிவிடக் கிள்ளான் துறைமுகத்துக்கு ஒரு வேன் நிறைய ஆள் போனோம். அக்கா வரவில்லை. பயணம் போகிறவள் எதிரில் நிற்கமாட்டேன் என்று சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோகிலா அந்தக் கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வேனில் ஏறினாள். துறைமுகம் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனவன் நான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அதே வேனில் ருக்மணியின் அப்பா இருந்தார். எனக்கும் ருக்மணிக்கும் கல்யாணப் பேச்சு எடுத்திருந்தார்கள். அவர் காதில் விழுமே என்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அக்கா எந்த வீட்டு நல்ல காரியத்துக்கும் முன்வாசலால் போகவில்லை. எனக்கும் ருக்மணிக்கும் கல்யாணம் நடந்தபோது பின்கட்டில் மசாலா அரைத்துக் கொடுத்துவிட்டு, இலை போடும் முன்னே போய்விட்டாள். எங்களுக்குப் பெண் பிறந்து காப்புப் போட்ட அன்றைக்கு, பிள்ளையை வேலி ஓரத்தில் நின்று பார்த்தாள். தெருவில் கூவுகிற குரலும் இறங்கிவிட்டது. "என்ன அஞ்சல, தொண்டை கட்டிருச்சா?" என்று இப்ராஹீம் பாய் கேட்டார். அவள் சும்மா சிரித்துவிட்டுப் போனாள்.

கோகிலாவின் கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஐம்பத்தொன்பதில் ஒரு கடிதம் வந்தது. பிறந்த ஆண் குழந்தை பதினோராம் நாள் தங்காமல் போய்விட்டது என்று எழுதியிருந்தாள். நான் அந்த வரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். "நிறுத்து, திரும்பப் படி" என்றாள் அக்கா. படித்தேன்.

"அன்னைக்கு நான் நின்னிருக்கக் கூடாது" என்றாள்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ருக்மணிதான் கண்டுபிடித்தாள். வாழை மரத்தோடு நின்ற அவள் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். அதற்கு அவளுக்கு அவ்வளவு பெருமை. ஒருநாள் அலமாரியை ஒழிக்கும்போது அந்தச் சுருளின் நெகட்டிவ் உறை கையில் கிடைத்தது. வெயிலில் தூக்கிப் பிடித்து எண்ணினாள்.

"எட்டு இருக்கு. எட்டும் நல்லாத்தானே இருக்கு? அண்ணி படம் கருகிருச்சுன்னு சொன்னீங்க. அது எங்க?"

நான் உறையை வாங்கக் கை நீட்டினேன்.

"கடைசியா இருக்கறது நான். அப்ப அண்ணி எடத்துலயா நான் நின்னேன்?"

"ருக்கு, மெதுவா பேசு."

"மெதுவா பேசறதா? அந்த மனுசி எம் புள்ளைய வேலிக்கு வெளிய நின்னு பாக்குது! நீங்க சொல்றீங்களா, நான் போயி சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். கொஞ்சம் பொறு."

அன்றே அவள் தன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். நான் இரண்டு வருஷம் பொறுக்க வைத்தேன். மல்லிகாவுக்கு மாப்பிள்ளை அமையட்டும் என்றேன். அமைந்ததும் கல்யாணம் முடியட்டும் என்றேன். "உங்க தங்கச்சிக்குத் தல வாரினது யாரு? அந்த மனுசி கையால ஒரு பிடி அட்சதை விழாம அவளுக்கு என்ன கல்யாணம்?" என்றாள் ருக்மணி. அதற்குமேல் தள்ள முடியவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல். எங்கள் வீட்டுப் பின்கட்டில் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கமலவேணி அம்மாளும் இருந்தாள். எனக்கு இப்போது பெண்ணெடுத்த வழியில் உறவு. அக்கா ஒதுங்கி, வேலியோரத்தில் அம்மியைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். போய்க் குந்தினேன்.

"அக்கா, ஒரு விஷயம்."

"மொதல்ல அந்த உப்பை எடு."

எடுத்துக் கொடுத்தேன். "கோகிலா கல்யாணத்துல ஒங்களை எடுத்த படம்…"

"நல்ல காரியம் நடக்கற வீட்டுல அத ஏன்டா எடுக்கற?"

"அது கருகலக்கா. பெட்டியில சுருள் முடிஞ்சிருச்சு. நான் சும்மா தட்டினேன்."

குழவி பாதி வழியில் நின்றது.

"சும்மான்னா?"

"உள்ள ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு படம் மெர்டேக்கா அன்னைக்கு எடுத்துட்டேன். ஒங்களுக்கு வச்சிருந்தத ருக்மணிய எடுத்துட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"நான் மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னனே."

"ஆமாக்கா."

"கறுப்பா வந்துச்சுன்னியே?"

"அப்படி ஒரு படமே இல்ல."

அக்கா குழவியை விட்டுக் கையை எடுத்தாள். மிளகாய்க் கை. கண்ணுக்குக் கொண்டுபோகப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப எம் பேரன்?"

"எதனால போச்சோ தெரியாதுக்கா. ஒங்களால இல்ல."

நான் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டாள். திட்டுவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். அதுகூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தாளு கொண்டா. எழுது" என்றாள்.

"என்னக்கா?"

"இப்ப எங்கிட்ட சொன்னத எம் பொண்ணுக்கு எழுது. நான் சொல்றதா எழுதாத. நீ சொல்றதா எழுது."

"கல்யாண வேலை கெடக்குதுக்கா. முடிஞ்சதும்…"

"ஆறு வருசம் எம் பொழப்பு கெடந்துச்சில்ல? ஒங்க வீட்டுக் கல்யாணம் அரை மணி கெடக்கட்டும்."

ருக்மணி அதற்குள் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். எழுதினேன். எனக்கு எழுத வராத சொற்களெல்லாம் அதில் இருந்தன. அரை மணி என்றது ஒரு மணியாகிவிட்டது. முடித்ததும், "சத்தமாப் படி. எல்லாரும் கேக்கட்டும்" என்றாள் அக்கா.

வெங்காயக் கத்திகள் நின்றன. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒருத்தி "அடப்பாவி" என்றாள். மல்லிகா நலங்கு மஞ்சளோடு வாசலில் வந்து நின்று கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். கமலவேணி அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் அன்னைக்கு ஏதோ வாய் தவறி…" என்று இழுத்தாள்.

"ஒங்களச் சொல்லல சம்மந்தியம்மா. நீங்க வாயத் தொறந்து செஞ்சீங்க. இவன் வாய மூடிக்கிட்டுச் செஞ்சான்" என்றாள் அக்கா. பிறகு, "மிளகா காயுது" என்று குழவியை எடுத்தாள்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அவள் முன்வாசலால் வந்தாள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணவறை ஓரத்தில் நின்று, இரண்டு கை நிறைய அட்சதை எடுத்து, மல்லிகாவின் தலையில் போட்டாள். கூலிக்கு வந்த படக்காரர் எல்லோரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். மல்லிகா கையைப் பிடித்து இழுத்தாள். "எம் பொண்ணு வரட்டும். அவளோட நிக்கறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு பந்திக்குப் போய் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வந்தது. தபால்காரர் அக்கா வீட்டு வேலிக்குள் நீலக் கடிதத்தைக் கொடுப்பதை நான் வாசலில் இருந்து பார்த்தேன். உள்ளே போய் முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எப்போதும் கடிதம் வந்த கையோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

அக்கா வெளியே வந்தாள். எங்கள் வாசலைத் தாண்டினாள். இப்ராஹீம் கடைப் பக்கம் நடந்தாள். பாய்க்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும்.

"ஏன், அண்ணி உள்ள வரலயா?" என்று ருக்மணி கேட்டாள்.

கடைக்குள் அவள் வெகுநேரம் இருந்தாள். திரும்பி வரும்போது அழுத முகமா, சிரித்த முகமா என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் பாய் கடைக்குத்தான் போயின. கோகிலா எனக்கு என்ன பதில் எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. பாயும் சொல்லவில்லை.